முழுச் சுற்றையும் பார்க்காமல் ஒரு கோளை எடை போட முடியுமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் எப்சிலான் இண்டி என்ற விண்மீனைச் சுற்றும் பெருங்கோளைப் பற்றி இரண்டு செய்திகளைப் படித்திருக்கிறார். 2019-ல் வந்த செய்தி, அந்தக் கோள் வியாழனைப்போல் சுமார் 3 மடங்கு நிறை கொண்டது, ஒரு சுற்றுக்கு 45 ஆண்டு எடுக்கிறது என்றது. 2024-ல் வந்த செய்தி, நிறை 6 மடங்கு, சுற்றுக்காலம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் என்றது. "சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோளைக் கண்டுபிடித்தே 30 ஆண்டுதான் ஆகிறது. 170 ஆண்டுச் சுற்றை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? எல்லாம் ஊகம்தானே? ஊகமாக இருப்பதால்தானே எண்கள் இப்படி மாறுகின்றன?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முழுச் சுற்றையும் பார்க்காமல் நிறையையும் பாதையையும் அளக்க முடியுமா என்பது ஒன்று. அப்படி அளந்த எண்களில் எதை எவ்வளவு நம்பலாம் என்பது இன்னொன்று. பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, இந்த வகைக் கோள்களில் நிறைதான் பெரும்பாலும் முதலில் பிடிபடும். சுற்றுக்காலம் கடைசிவரை நழுவிக்கொண்டே இருக்கும். ஏன் என்று சொல்வதுதான் இந்தப் பதில்.

நான் விண்மீன்களின் ஆரைத் திசைவேகத் தரவுகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன். அதாவது, ஒரு விண்மீன் நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அதன் நிறமாலையிலிருந்து அளப்பது. கோள்களை நேரடியாகப் படம் எடுக்கும் வேலையை நான் செய்ததில்லை. அந்தப் பகுதியை அந்தத் துறையினரின் கட்டுரைகளைப் படித்தவனாகத்தான் சொல்ல முடியும்.

பொதுவாக நாம் அளப்பது கோளை அல்ல, விண்மீனை. வியாழன் சூரியனைச் சுற்றுகிறது என்கிறோம். உண்மையில் இரண்டும் சேர்ந்து தங்கள் பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன. வியாழனின் இழுப்பால் சூரியன் நொடிக்கு சுமார் 12.5 மீட்டர் வேகத்தில், 11.86 ஆண்டுக்கு ஒரு சுற்றாக, ஆடுகிறது. சனியின் இழுப்பு இன்னும் மெலிது: நொடிக்கு 2.7 மீட்டர், 29.5 ஆண்டுச் சுற்று. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு சூரியனின் நிறமாலைக் கோடுகள் இந்த வேகத்துக்கு ஏற்ப ஒரு முறை நீலப் பக்கமும் ஒரு முறை சிவப்புப் பக்கமும் நகரும். எவ்வளவு நகரும் என்று கேட்டால் சிரிப்பு வரும். சிலியின் லா சில்லாவில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியோடு 2003-லிருந்து இயங்கும் ஹார்ப்ஸ் என்ற நிறமாலைமானியில், உணரியின் ஒரு பிக்சல் நொடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர் வேக மாற்றத்துக்குச் சமம். நொடிக்கு ஒரு மீட்டர் மாற்றம் என்றால் ஒரு பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்வு. ஆயிரக்கணக்கான கோடுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால்தான் இது சாத்தியமாகிறது. விண்மீனின் முன்னால் கோள் கடக்கும்போது ஒளி மங்குவதைப் பார்க்கும் முறை இங்கே அதிகம் உதவாது. வியாழன் இருக்கும் தூரத்தில் அப்படிக் கடக்கும்படி பாதை அமைய ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றுதான் வாய்ப்பு. அமைந்தாலும் 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் கடக்கும்.

சுற்று முழுவதையும் பார்த்துவிட்டால் கதை எளிது. வேக வரைபடம் ஒரு அலையாக வரும். அலையின் நீளம் சுற்றுக்காலம். உயரம் இழுப்பின் அளவு. அலை எவ்வளவு கோணலாக இருக்கிறதோ அவ்வளவு நீள்வட்டமான பாதை. விண்மீனின் நிறை தெரிந்தால் கோளின் நிறை வந்துவிடும். ஆனால் அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் அளப்பது நம் பார்வைக் கோட்டில் உள்ள வேகத்தை மட்டும். பாதைத் தளம் நமக்கு நேர் விளிம்பாக இருந்தால் முழு வேகமும் தெரியும். தட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தால் ஒன்றுமே தெரியாது. அதனால் கிடைப்பது குறைந்தபட்ச நிறை. உண்மையான நிறை அதற்குச் சமம் அல்லது அதற்கு மேல். பாதைகள் எல்லாத் திசைகளிலும் ஒழுங்கற்று அமைந்திருப்பதாக வைத்துக்கொண்டால், உண்மை நிறை குறைந்தபட்ச நிறையைவிட 15 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு மடங்குக்கு மேல் இருக்க நூற்றில் 13 வாய்ப்பு. கேட்கச் சின்ன வாய்ப்பாகத் தோன்றும். ஆனால் 1989-ல் எச்.டி. 114762 என்ற விண்மீனைச் சுற்றி 84 நாள் சுற்றுக்காலமும் குறைந்தபட்சம் 11 வியாழன் நிறையும் கொண்ட ஒரு துணை கண்டறியப்பட்டது. முதல் புறக்கோள் (சூரியன் அல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) என்ற பட்டத்துக்கு வெகுகாலம் போட்டியில் இருந்தது. பின்னால், விண்மீன்களின் இடத்தை அளக்கும் கையா விண்கலத்தின் தரவு வந்தபோது பாதை ஏறக்குறைய முழுத் தட்டையாக நம்மைப் பார்த்துக் கிடப்பது தெரிந்தது. அந்தத் துணை சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு நிறையுள்ள ஒரு சிறு விண்மீன்.

அது குறுகிய சுற்று. நீங்கள் கேட்பது நீண்ட சுற்று. அங்கே அலை முழுசாக வருவதே இல்லை. வரைபடத்தில் ஒரு சாய்கோடு மட்டும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் லேசாக வளைந்த கோடு. இந்தச் சாய்கோட்டை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் பிரச்சினை புரியும். வியாழன் நிறையுள்ள ஒரு கோள் விண்மீனிலிருந்து 10 வானியல் அலகு தூரத்தில் இருந்தால் (ஒரு வானியல் அலகு என்பது பூமி–சூரியன் தூரம்), விண்மீனின் வேகம் அதிகபட்சம் ஆண்டுக்கு, நொடிக்கு 1.8 மீட்டர் வீதம் மாறும். ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், 20 வானியல் அலகில் 4 வியாழன் நிறை இருந்தாலும் அதே 1.8 தான் வரும். 30 அலகில் 9 வியாழன் நிறை என்றாலும் அதே. 100 அலகில் 100 வியாழன் நிறை என்றாலும் அதேதான். அது கோளே இல்லை, ஒரு மங்கலான சிவப்பு விண்மீன். சாய்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்கவே முடியாது. உறுதியாகத் தெரிவது நிறையையும் தூரத்தையும் சேர்த்த ஒரு விகிதம் மட்டும். உடைந்த வளையல் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழு வளையலின் அளவைச் சொல்வது போன்றது இது: துண்டு நீளமாக இருந்தால் சொல்லலாம், நகத்தளவு என்றால் எந்த வளையலுக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு சின்ன விலகல். எப்சிலான் இண்டிக்கு ஏற்கெனவே இரண்டு துணைகள் உண்டு. இரண்டும் பழுப்புக் குள்ளர்கள் (கோளைவிடக் கனமான, ஆனால் விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை இல்லாத பொருள்கள்), சேர்த்துச் சுமார் 120 வியாழன் நிறை, விண்மீனிலிருந்து ஏறக்குறைய 1,500 வானியல் அலகு தள்ளி இருக்கின்றன. "அவைதான் இழுக்கின்றனவோ?" என்று யாருக்கும் தோன்றும். மேலே சொன்ன கணக்கையே போட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வருகிறது. அளக்கப்பட்ட சாய்வுக்கு அது காணாது. உள்ளே வேறொன்று இருந்தாக வேண்டும் என்ற முடிவு படம் எடுப்பதற்கு வெகு முன்பே உறுதியானது இப்படித்தான்.

சாய்கோடு வளையத் தொடங்கினால் நிலைமை சீராகும். வளைவு என்பது கோள் தன் பாதையில் திரும்புகிறது என்பதற்கான அடையாளம். அதிலிருந்து கால அளவு ஒன்று கிடைக்கும். அதைவிட நல்லது, நீள்வட்டப் பாதையில் கோள் விண்மீனுக்கு மிக அருகே வரும் தருணத்தைப் பிடித்துவிடுவது. எச்.ஆர். 5183 என்ற விண்மீன் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அதை அளந்துகொண்டு வந்தார்கள். வெகுகாலம் மெதுவான மாற்றம் மட்டும். 2018-ஐ ஒட்டி வேகம் சட்டென்று எகிறித் திரும்பியது. கோள் அருகே வந்து சுழன்று போய்விட்டது. 2019-ல் வந்த முடிவு: குறைந்தபட்ச நிறை 3.2 வியாழன், பிழை சுமார் 5 சதவீதம். நீள்வட்டத்தன்மை 0.84, அதாவது வால்மீனின் பாதையை நினைவூட்டும் அளவுக்கு நீண்டது. சுற்றுக்காலம் 74 ஆண்டு, ஆனால் 52-லிருந்து 117 வரை எங்கேயும் இருக்கலாம். ஒரே அளவீட்டில் ஒரு எண் 5 சதவீதத்துக்குள் உறுதி, இன்னொன்று இரண்டு மடங்கு வித்தியாசத்தில் தள்ளாடுகிறது. காரணம் சிக்கலானதல்ல. பெரிய இழுப்பு நடந்த பகுதியை முழுசாகப் பார்த்தாகிவிட்டது, அதனால் நிறை தெரியும். கோள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் மிச்சப் பாதையை யாரும் பார்க்கவில்லை, அதனால் காலம் தெரியாது. ஆக, "முழுச் சுற்றைப் பார்த்தால்தான் நிறை தெரியும்" என்பது தவறான எண்ணம்.

சரி, இதில் எங்கே ஏமாறுவோம்? என் வேலையின் பெரும்பகுதி இந்தக் கேள்வியில்தான் போயிற்று. 20, 30 ஆண்டுத் தரவு என்றால் ஒரே கருவியின் தரவு என்று நினைக்காதீர்கள். இடையில் கருவி மாறும், உணரி மாறும், கருவியின் உள்ளே ஒரு இழை மாறும். ஹார்ப்ஸில் 2015-ல் ஒளியிழைகளை மாற்றினார்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த வேகங்களுக்கு இடையே ஒரு தாவல் வந்துவிட்டது, விண்மீனின் வகையைப் பொறுத்து நொடிக்குப் பத்து மீட்டருக்கும் மேல்வரை. அந்தத் தாவல் எவ்வளவு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதையும் ஒரு தெரியாத எண்ணாக வைத்துக்கொண்டு தரவிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். குறுகிய சுற்றுக்காலக் கோளுக்கு இது தொல்லையே இல்லை, தாவலுக்கு இரண்டு பக்கமும் அலை பலமுறை வந்துபோயிருக்கும். சாய்கோடு மட்டும் உள்ள நீண்ட சுற்றுக்கு இது உயிர் போகிற விஷயம். கோட்டின் நடுவே வெட்டி ஒரு துண்டை மேலேயோ கீழேயோ தூக்கினால் சாய்வே மாறிவிடும், வளைவு இருந்தால் அதுவும் மாறிவிடும். இரண்டு கருவிகளும் ஒரே காலத்தில் கொஞ்ச நாளாவது சேர்ந்து இயங்கியிருந்தால் பிழைத்தோம். நீண்ட சுற்றுக்கோள் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த மேற்படிவு இருக்கிறதா என்பதைத்தான்.

அடுத்த ஏமாற்று விண்மீனிடமிருந்தே வரும். சூரியனின் கரும்புள்ளிச் சுழற்சி சுமார் 11 ஆண்டு. வியாழனின் சுற்றுக்காலம் 11.86 ஆண்டு. இது தற்செயல்தான், ஆனால் நமக்குத் தலைவலி. காந்தச் செயல்பாடு அதிகமாக இருக்கும் காலத்தில் விண்மீனின் மேற்பரப்பில் கொதித்து எழும் வாயுவின் ஓட்டம் அடங்கும். அதனால் நிறமாலைக் கோடுகளின் வடிவம் மாறி, வேகம் நொடிக்குச் சில மீட்டர் மாறியதுபோல் தெரியும். மெலிந்த பெருங்கோள் ஒன்றும் இதே அளவு, இதே கால அளவு மாற்றத்தைத்தான் தரும். பிரித்தறிய ஒரு வழி, கால்சியத்தின் எச், கே கோடுகளைக் கூடவே பார்ப்பது. செயல்பாடு கூடும்போது அவற்றின் நடுவில் ஒளி எழும். வேகமும் கால்சியமும் கைகோத்து ஏறி இறங்கினால் கோள் என்று சொல்ல யோசிக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு பொய்ச் சாய்வும் உண்டு: விண்மீன் நம் அருகே வேகமாகக் கடந்து போகும்போது பார்வைக் கோணம் மாறுவதாலேயே ஆரைத் திசைவேகம் மாறும். பர்னார்டு விண்மீனுக்கு இது ஆண்டுக்கு நொடிக்கு 4.5 மீட்டர். நல்லவேளை, தூரமும் வானில் நகரும் வேகமும் தெரிந்தால் இதைச் சரியாகக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம்.

இனி, விளையாட்டையே மாற்றிய விஷயம். ஆரைத் திசைவேகம் பார்வைக் கோட்டின் திசையை மட்டும் தருகிறது. வானத்தில் பக்கவாட்டில் விண்மீன் எப்படி நகர்கிறது என்பதையும் அளந்தால் மற்ற இரண்டு திசைகளும் கிடைத்துவிடும். அஸ்ட்ரோமெட்ரி என்பது இதுதான். ஐரோப்பாவின் ஹிப்பார்கஸ் விண்கலம் 1989 முதல் 1993 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை அளந்தது. அதன் வாரிசான கையா 2014 முதல் 2025 ஜனவரி வரை அளந்தது. ஹிப்பார்கஸ் சொன்ன இடத்தையும் கையா சொன்ன இடத்தையும் கழித்து, இடைப்பட்ட ஏறக்குறைய 25 ஆண்டால் வகுத்தால் விண்மீனின் நீண்டகாலச் சராசரி நகர்வு கிடைக்கும். கையா தனியாக, தன் சில ஆண்டுத் தரவிலிருந்து, இன்னொரு நகர்வைச் சொல்கிறது. விண்மீன் தனியாக நேர்கோட்டில் போனால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லை என்றால் ஏதோ ஒன்று இழுக்கிறது. 33 ஒளியாண்டு தூரத்தில் ஒரு சூரியன்–வியாழன் இணை இருந்தால், அந்த வேறுபாடு அதிகபட்சம் ஆண்டுக்குக் கால் மில்லி ஆர்க்விநாடி அளவு வரும். ஒரு மில்லி ஆர்க்விநாடி என்பது ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு. ஹிப்பார்கஸின் இடப்பிழை ஏறக்குறைய ஒரு மில்லி ஆர்க்விநாடி என்றாலும் 25 ஆண்டால் வகுக்கும்போது அது ஆண்டுக்கு 0.04 ஆகச் சுருங்கிவிடுகிறது. பழைய, சுமாரான அளவீடு வயதானதாலேயே மதிப்பு கூடிய அபூர்வமான இடம் இது. இரண்டு விண்கலங்களின் அளவுகோல்களும் ஒன்றோடொன்று சற்றுச் சுழன்று இருந்தன. அதைத் திருத்திப் பொருத்திய பட்டியலை வானியலாளர் டிமதி பிராண்ட் 2018-லும், கையாவின் புதிய தரவோடு 2021-லும் வெளியிட்டார். இன்று நீண்ட சுற்றுக்கோள் ஆய்வில் பாதி அந்தப் பட்டியலில்தான் நிற்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். விண்மீனின் முடுக்கம் மூன்று திசைகளிலும் தெரியும், கோளின் ஒரு படமும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் தருவது வானத்தில் தெரியும் இடைவெளியை, அதாவது பக்கவாட்டுத் தூரத்தை மட்டும். கோள் விண்மீனுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. ஆனால் விண்மீன் கோளை நோக்கித்தான் இழுபடும். பக்கவாட்டு முடுக்கமும் பார்வைக்கோட்டு முடுக்கமும் சமமாக இருந்தால் கோள் 45 பாகைக் கோணத்தில் இருக்கிறது என்று பொருள். படத்தில் இடைவெளி 10 வானியல் அலகு என்றால் உண்மைத் தூரம் 14.1 அலகு. மொத்த முடுக்கம் ஆண்டுக்கு, நொடிக்கு 1.8 மீட்டர் என்றால், மேலே சொன்ன கணக்குப்படி கோளின் நிறை 2 வியாழன். முடிந்தது. இந்தக் கணக்கில் சுற்றுக்காலம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. விண்மீனின் நிறைகூட வரவில்லை. மூன்று முடுக்கமும் ஒரு படமும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருந்தால் போதும், பாதையின் சிறு துண்டிலேயே கோளை எடை போட்டுவிடலாம். கூடவே ஒரு சோதனையும் இலவசம்: பக்கவாட்டு முடுக்கத்தின் அம்பு படத்தில் உள்ள கோளை நோக்கி நிற்க வேண்டும். வேறு பக்கம் பார்த்தால் படத்தில் இருப்பது பின்னணி விண்மீன், அல்லது பார்க்கப்படாத இன்னொரு கோள் உள்ளே இருக்கிறது.

இந்த அம்பை வைத்துக் கோளைத் தேடவும் செய்கிறார்கள். ஏ.எஃப். லெப் என்ற இளம் விண்மீன் ஹிப்பார்கஸ்–கையா பட்டியலில் முடுக்கம் காட்டியதால் அதைக் குறிவைத்துப் படம் எடுத்தார்கள். 2023-ல் மூன்று குழுக்கள் தனித்தனியே அதே கோளைக் கண்டறிவித்தன, நிறை சில வியாழன் அளவு. பீட்டா பிக்டோரிஸின் கோள் இன்னொரு பாடம். அது 2003-ல் எடுத்த படத்தில் முதலில் தெரிந்தது, இருபது சொச்சம் ஆண்டுச் சுற்று. விண்மீன் துடிக்கும் வகை, வேகமாகச் சுழல்வதும்கூட, அதனால் ஆரைத் திசைவேகம் அங்கே எளிதில் சரிவராது. 2018-ல் இக்னாஸ் ஸ்னெல்லனும் ஆன்டனி பிரவுனும் ஹிப்பார்கஸ், கையா தரவை மட்டும் கொண்டு 11 வியாழன், பிழை 2 என்று எடை போட்டார்கள். அடுத்த ஆண்டே உள்ளே இரண்டாவது பெருங்கோள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் விண்மீனை ஆட்டுகிறது. முதல் கோளின் கணக்கில் அதன் பங்கைக் கழிக்க வேண்டியதாயிற்று. ஒரே கோள்தான் இருக்கிறது என்ற அனுமானம் இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கோளின் படம் பலமுறை எடுத்து அது நகர்வதைப் பார்த்தாலும், அந்த நகர்விலிருந்து கிடைப்பது விண்மீனும் கோளும் சேர்ந்த மொத்த நிறை, அதாவது நடைமுறையில் விண்மீனின் நிறை. கோளின் நிறை அதில் இல்லை. செய்திகளில் "படம் எடுத்து நிறை கண்டார்கள்" என்று வரும்போது பெரும்பாலும் நடப்பது வேறு: கோளின் பிரகாசத்தை அளந்து, விண்மீனின் வயதை வைத்து, இந்த வயதில் இந்த அளவு சூடாக இருக்கும் கோள் எவ்வளவு கனமாக இருக்கும் என்று குளிர்வு மாதிரிகளில் பார்ப்பது. வயது தவறினால் நிறையும் தவறும். பிறக்கும்போது கோள் எவ்வளவு வெப்பத்தைத் தக்கவைத்துக்கொண்டது என்பதிலும் மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 2008-ல் மூன்றும் 2010-ல் நான்காவதும் படமெடுக்கப்பட்ட எச்.ஆர். 8799-ன் கோள்களுக்கு இன்னொரு பிடி உண்டு. நான்கும் மிகக் கனமாக இருந்தால் ஒன்றையொன்று இழுத்துச் சிதறடித்திருக்கும். இன்னும் சிதறவில்லை என்பதே நிறைக்கு ஒரு மேல்வரம்பு.

இந்த வெளிச்சத்தில் எப்சிலான் இண்டியைப் பாருங்கள். 12 ஒளியாண்டு தூரம்தான், சூரியனைவிடச் சற்றுச் சிறியது. சாய்வு இருப்பது 2002 வாக்கிலேயே தெரியும். 2019-ல் ஆரைத் திசைவேகத்தையும் ஹிப்பார்கஸ்–கையா தரவையும் சேர்த்து 45 ஆண்டு, 3.25 வியாழன் என்றார்கள். மெலிந்த வளைவு ஒன்றிலிருந்து எடுத்த எண்கள் அவை. 2023 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நடு அகச்சிவப்பில் படம் எடுத்தது. கோள் இருந்தது, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. பின்னணியில் தற்செயலாகத் தெரியும் வேறு எதுவோவாக இருக்குமா? அந்த விண்மீன் வானில் ஆண்டுக்கு 4.7 ஆர்க்விநாடி நகர்கிறது, அது பெரிய நகர்வு. 2019-ல் தரையிலிருந்து எடுத்த ஒரு பழைய படத்திலும் அதே துணை, விண்மீனோடு கூடவே நகர்ந்த நிலையில், மங்கலாகக் கிடைத்தது. பின்னணிப் பொருள் என்றால் நான்கு ஆண்டில் 19 ஆர்க்விநாடி பின்தங்கியிருக்க வேண்டும். இரண்டு படங்களையும் முடுக்கங்களையும் சேர்த்து 2024-ல் வெளியான முடிவு: 6.3 வியாழன் நிறை, பாதையின் அரைவிட்டம் 28 வானியல் அலகு. விண்மீனின் நிறையை வைத்துக் கெப்ளர் விதியில் போட்டால் சுமார் 170 ஆண்டுச் சுற்று. இந்த ஒரு கோளே அளக்கப்பட்ட எல்லா முடுக்கத்தையும் விளக்கிவிடுகிறது. இரண்டாவது ஒன்று தேவைப்படவில்லை. எண் மாறியது எந்தப் பக்கம் என்று கவனியுங்கள்: கனமும் கூடியது, தூரமும் கூடியது. சாய்கோடு மட்டும் இருக்கும்போது நிறையும் தூரமும் சேர்ந்தேதான் நழுவும் என்று மேலே பார்த்தோமே, அந்த வழியிலேயே நழுவியிருக்கிறது. 2019 முடிவில் நான் குறை சொல்வதென்றால், பிழை எல்லையைக் குறுக்கிப் போட்டதைத்தான் சொல்வேன். அங்கே ஒரு பெருங்கோள் இருக்கிறது என்ற அடிப்படை முடிவு அப்படியே நின்றது.

எனவே இனி இப்படிப்பட்ட செய்தி ஒன்றைப் படித்தால், சொன்ன நிறை குறைந்தபட்ச நிறையா உண்மை நிறையா என்று பாருங்கள். தரவின் கால நீளத்தைச் சொன்ன சுற்றுக்காலத்தோடு ஒப்பிடுங்கள். தரவு பாதிச் சுற்றைக்கூட மூடவில்லை என்றால் சுற்றுக்காலத்தையும் நீள்வட்டத்தன்மையையும் உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிழை எல்லை இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தால் அதை மறைக்காத கட்டுரைக்கு என்னிடம் மதிப்பு கூடும். பாதி தெரிந்த பாதைகளில் கணக்கு தொடங்கும்போது வைக்கும் முன்அனுமானங்களும் விடையில் கை வைக்கின்றன. நீண்ட நீள்வட்டங்களை அனுமதிக்கிறோமா இல்லையா என்பதிலேயே சுற்றுக்காலம் பல பத்தாண்டுகள் நகரும். இதைச் சரிசெய்யத் தந்திரம் எதுவும் இல்லை, காலம் மட்டுமே வழி.

அடுத்த பெரிய முன்னேற்றம் கையாவிலிருந்தே வரும். இதுவரை நாம் பயன்படுத்தியது 34 மாதத் தரவின் சுருக்கம். ஐந்தரை ஆண்டுத் தரவு, ஒவ்வொரு அளவீடும் தனித்தனியாக, 2026 டிசம்பரில் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். பத்தரை ஆண்டு முழுத் தரவு 2030-க்கு முன்பாக வராது. பத்தாண்டுக்குள் சுற்றும் பெருங்கோள்களுக்கு அது நேரடியாகவே பாதையையும் நிறையையும் தந்துவிடும். எப்சிலான் இண்டி போன்ற நீண்ட சுற்றுகளுக்கு அது தருவது துல்லியமான முடுக்கம். அது முதலில் நிறையைத்தான் இறுக்கும். அந்தக் கோளின் சுற்றுக்காலம் நாளை 150 என்றோ 200 என்றோ திருத்தப்பட்டால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. நிறை மறுபடி 3 வியாழனுக்குத் திரும்பினால்தான் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பேன்.